வரிசைக்கு ஒரு பட்டன் வைத்ததில் இடம் மாறிப்போன ஒன்பது பில்கள்

நான் கணக்கு பார்க்கும் மொத்த மளிகைக் கடையில் கடன் பாக்கி முழுவதும் ஒரே எக்செல் ஷீட்டில்தான் இருக்கிறது. ஒரு வரிசைக்கு ஒரு பில். பில் எண், கடைப் பெயர், தொகை, பில் தேதி, கடைசியில் வசூல் தேதி. பணம் வந்ததும் தேதியை டைப் செய்யும் வேலையைக் குறைக்கலாம் என்று ஒவ்வொரு வரிசையிலும் முனை மழுங்கிய பச்சைச் செவ்வகம் ஒன்றை வரைந்து, அதன்மேல் 'வசூல்' என்று எழுதி, ஒரு மேக்ரோவை (எக்செல் தானாகச் செய்ய எழுதி வைக்கும் சிறு கட்டளைத் தொகுப்பு) இணைத்தேன். தட்டினால் அன்றைய தேதி அந்த வரிசையில் விழும். 340 வரிசை, 340 செவ்வகம். பார்க்க நன்றாக இருந்தது, எல்லோருக்கும் பிடித்தும் போனது.

மூன்று மாதம் கழித்து ஒரு சில்லறைக் கடைக்காரர் போன் செய்தார். "போன வாரமே கட்டிட்டேனே, மறுபடியும் பாக்கின்னு கேக்குறீங்களே அண்ணாச்சி?" ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் அவர் கட்டியது உண்மை. ஷீட்டில் அவர் வரிசை காலியாக இருந்தது. அதற்கு நேர் மேலே இருந்த, ஒரு பைசாகூடக் கட்டாத வேறொரு கடையின் பில்லில் அந்தத் தேதி உட்கார்ந்திருந்தது. அன்று இரவு வயிறு கலங்கியது. ஒன்று இப்படி என்றால் இன்னும் எத்தனை? ரசீதுப் புத்தகங்களையும் ஷீட்டையும் வரி வரியாக ஒப்பிட்டு முடிக்கப் பதினோரு மாலைகள் போயின. ஒன்பது பில்கள், மொத்தம் 41,300 ரூபாய், கட்டாமலேயே கட்டியதாகப் பதிவாகியிருந்தன. ஏழு பேர் பில்லைக் காட்டியதும் கொடுத்துவிட்டார்கள். மீதி இரண்டில் 8,450 ரூபாய் வரவே இல்லை. ஒரு கடை அதற்குள் மூடிவிட்டது. இன்னொருவர் "அப்பவே கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டார். பணத்தைவிட, கட்டிய மனிதரிடம் மறுபடியும் கேட்டதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

என்ன நடந்தது என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது. ஷேப் என்பது, நான் வரைந்த செவ்வகம்போல, ஷீட்டின்மேல் மிதக்கும் படம். அது எந்த செல்லுக்குள்ளும் (கட்டத்துக்குள்ளும்) இல்லை. மேக்ரோ ஓடும்போது 'அப்ளிகேஷன்.காலர்' என்று கேட்டால், தட்டப்பட்ட ஷேப்பின் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை வைத்து ஷேப்பைப் பிடித்து, அதன் 'டாப்லெஃப்ட்செல்' எது என்று கேட்டு, அதிலிருந்து வரிசை எண்ணை எடுப்பதுதான் வழக்கமான முறை. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். டாப்லெஃப்ட்செல் என்பது ஷேப்பின் இடது மேல் மூலை எந்த செல்லில் இருக்கிறதோ அந்த செல். ஷேப்பின் பெரும்பகுதி எங்கே இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. மேல் விளிம்பு ஒரே ஒரு பிக்சல் மேலே ஏறியிருந்தாலும் விடை மேல் வரிசைதான். சாதாரண வரிசையின் உயரம் 15 பாயின்ட், அதாவது 20 பிக்சல். அதில் ஒரு பிக்சல் ஏறியிருப்பது எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

முதல் நூற்றுச் சொச்சம் ஷேப்களை ஆல்ட் கீயைப் பிடித்தபடி இழுத்து வைத்தேன். ஆல்ட் பிடித்தால் ஷேப் செல்லின் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு புது பில் வர வர, அவசரத்தில் மேல் ஷேப்பை காப்பி செய்து ஒட்டி, அம்புக்குறி கீயால் நகர்த்திச் சரிசெய்தேன். அப்படி வைத்தவற்றில் 26 ஷேப்கள் மேல் வரிசையைத் தொட்டுக்கொண்டிருந்தன. முதல் நாளிலிருந்தே அவை தவறாகத்தான் எழுதிக்கொண்டிருந்தன. ரொக்க விற்பனையும் அதே கல்லாவில் சேர்வதால் தினசரிக் கணக்கில் அது காட்டிக் கொடுக்கவில்லை.

உங்கள் ஷீட்டில் வரிசைக்கு ஒரு ஷேப் இருந்தால் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு சிறு மேக்ரோவால் ஷீட்டில் உள்ள ஒவ்வொரு ஷேப்பின் பெயரையும் அதன் டாப்லெஃப்ட்செல்லின் வரிசை எண்ணையும் வேறொரு ஷீட்டில் இரண்டு காலமாக (நெடுவரிசையாக) எழுதச் சொல்லுங்கள். வரிசை எண் காலத்தில் கவுன்ட்இஃப் (ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ஃபார்முலா) போட்டு, இரண்டு முறை வரும் எண்களைப் பாருங்கள். ஒரு எண் இரண்டு முறை வந்தால், இரண்டு ஷேப்கள் ஒரே பில்லில் எழுதுகின்றன என்று பொருள். தொடர்ச்சியாகப் பத்து ஷேப்கள் மேலே ஏறியிருந்தால், அந்தக் கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு எண் இரண்டு முறை வரும், முடிவில் ஒரு எண் விட்டுப்போகும். நடுவில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஆகவே இரண்டு முறை வருவதோடு, விடுபட்ட எண்ணையும் தேடுங்கள்.

வரிசைக்கு ஒரு ஷேப் வேண்டியே தீரும் என்றால், அதை செல்லுக்குச் சரியாக நிரப்பாதீர்கள். ஷேப்பின் மேல் இடத்தை செல்லின் மேல் இடத்தோடு 2 பாயின்ட் கூட்டியும், உயரத்தை செல் உயரத்தில் 4 பாயின்ட் குறைத்தும் வையுங்கள். கையால் வைக்காமல், எல்லாவற்றையும் ஒரே லூப்பில் மேக்ரோவே வைக்கட்டும். மேலும் கீழும் இரண்டு பாயின்ட் இடைவெளி இருந்தால் சின்ன நகர்வு தாங்கும். காப்பி செய்த ஷேப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்களே பெயர் வைத்த ஷேப்பை காப்பி செய்தால் நகலுக்கும் அதே பெயர் வந்துவிடுகிறது. பெயரைச் சொல்லி ஷேப்பைத் தேடும் மேக்ரோ, எதைத் தட்டினாலும் முதலாவதைத்தான் பிடிக்கும். ஆல்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வலப்பக்கம் செலக்ஷன் பேன் திறக்கும். எல்லா ஷேப் பெயர்களும் அங்கே பட்டியலாகத் தெரியும், அங்கேயே இரட்டைக் கிளிக் செய்து மாற்றிவிடலாம்.

ஃபில்டர் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஷேப்பில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் ஷேப் போய், அளவுப் பகுதியில் உள்ள ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் மூன்று தேர்வுகள் இருக்கும்: செல்லோடு நகர்ந்து அளவும் மாறுவது, நகர்வது மட்டும், இரண்டும் இல்லை. முதலாவதை வைத்தால் மறைந்த வரிசையோடு ஷேப்பும் சுருங்கி மறைந்துவிடும். இரண்டாவதை வைத்தால் மறைந்த வரிசைகளின் ஷேப்கள் எல்லாம் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். எது மேலே இருக்கிறதோ அதுதான் கிளிக்கை வாங்கும், அது நீங்கள் பார்க்கும் வரிசையின் ஷேப்பாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வரிசைக்குள் நிற்கும் ஷேப்புக்கு முதல் தேர்வுதான் சரி. ஷீட்டின் உச்சியில் தனியாக நிற்கும் ஷேப்புக்கு மூன்றாவது.

இத்தனையும் கற்றுக்கொண்ட பிறகு 340 ஷேப்களையும் நீக்கிவிட்டேன். இப்போது மேலே முதல் மூன்று வரிசைகளை ஃப்ரீஸ் பேன்ஸ் போட்டு, ஷீட்டை நகர்த்தினாலும் மறையாமல் நிறுத்தி, அங்கே மூன்றே மூன்று பட்டன் ஷேப்கள், விவரம் காட்ட ஒரு மஞ்சள் ஷேப். பில் இருக்கும் வரிசையில் ஏதாவது ஒரு செல்லில் நின்றுகொண்டு 'எடு' என்பதைத் தட்டினால், பில் எண், கடைப் பெயர், தொகை மூன்றும் பக்கத்தில் உள்ள அந்த அகலமான மஞ்சள் ஷேப்பில் பெரிய எழுத்தில் தெரியும். சரி என்றால் 'பதிவு செய்' என்பதைத் தட்ட வேண்டும். அந்த இரண்டாவது மேக்ரோ வரிசை எண்ணை நம்புவதில்லை. 'எடு' ஒரு செல்லில் எழுதி வைத்திருக்கும் பில் எண்ணை, பில் எண் காலத்தில் மேட்ச் போட்டுத் தேடி, கிடைத்த வரிசையில்தான் தேதி போடுகிறது. நடுவில் யாராவது வரிசைகளை மாற்றி அடுக்கினாலும் வரிசை நுழைத்தாலும் பதிவு சரியான பில்லில்தான் விழும். அங்கே ஏற்கெனவே தேதி இருந்தால் எழுத மறுத்துவிடும். பழைய மேக்ரோவில் இந்த மறுப்பு இல்லாததால், இருக்கிற தேதியின்மேல் புதுத் தேதி சத்தமில்லாமல் எழுதப்பட்டது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

உறுதி கேட்க மெசேஜ்பாக்ஸ் (திரையில் எழும் செய்திப் பெட்டி) போதாதா என்று நினைக்கலாம். கடைப் பெயர்கள் தமிழில் இருந்தால் போதாது. மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவின் எடிட்டரும் அதன் மெசேஜ்பாக்ஸும் யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) முந்தைய முறையில் வேலை செய்பவை, தமிழ் எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகளாக வரும். எடிட்டரில் தமிழை ஒட்டினாலும் அதே கேள்விக்குறிகள்தான். ஆனால் செல்லும் ஷேப்பும் தமிழைச் சுத்தமாகக் காட்டும். அதனால் காட்ட வேண்டிய வாசகத்தை ஒரு செல்லில் எழுதி வைத்து, அதை மேக்ரோ எடுத்து ஷேப்பின் 'டெக்ஸ்ட்ஃப்ரேம்2' வழியாக எழுதட்டும். இதே காரணத்தால் ஷேப்பின்மேல் தெரியும் எழுத்து தமிழில் இருக்கலாம், ஷேப்பின் பெயரும் மேக்ரோவின் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

இரட்டைக் கிளிக் பற்றியும் சொல்ல வேண்டும். எக்செல்லிலேயே தயாராக இருக்கும் ஃபார்ம் கன்ட்ரோல் பட்டனைத் தட்டினால் அமுங்குவது தெரியும். ஷேப் அமுங்காது. மேக்ரோ இரண்டு நொடி எடுத்தால், ஓடவில்லை என்று நினைத்துக் கடைப் பையன் இன்னொரு முறை தட்டுவான். அந்த இரண்டாவது கிளிக் வீணாகாது, வரிசையில் காத்திருந்து முதல் மேக்ரோ முடிந்ததும் ஓடும். 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று ஒரு வேரியபிளை (மேக்ரோ நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) ட்ரூ ஆக்கி வைத்துத் தடுக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். அது உதவாது, ஏனென்றால் இரண்டாவது கிளிக் உள்ளே வரும்போது முதலாவது முடிந்து அந்த வேரியபிள் ஃபால்ஸ் ஆகியிருக்கும். பதிவு முடிந்ததும் பில் எண் செல்லைக் காலியாக்கிவிட்டு, காலியாக இருந்தால் எதுவும் செய்யாமல் வெளியேறச் சொல்வதே உறுதியான வழி. இரண்டாவது கிளிக் வந்தாலும் செய்ய ஒன்றும் இருக்காது.

மேக்ரோவை இணைக்கும் இடத்தில் நேரம் போகும் சில இடங்கள் இருக்கின்றன. ஷேப்பில் ரைட் கிளிக், அசைன் மேக்ரோ, பட்டியலிலிருந்து தேர்வு, ஓகே, அவ்வளவுதான். ஆனால் பட்டியலில் உங்கள் மேக்ரோ தெரியவில்லை என்றால், அது பிரைவேட் சப்பாக (வெளியே தெரியாதபடி எழுதிய மேக்ரோவாக) இருக்கும், அல்லது அடைப்புக்குறிக்குள் உள்ளீடு கேட்கும். சாதாரண மாட்யூலில் (எடிட்டரில் கோடு எழுதும் பக்கம்), உள்ளீடு இல்லாத சப்பாக எழுதுங்கள். மாட்யூலுக்கும் மேக்ரோவுக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள். வைத்தால் மேக்ரோவை இயக்க முடியவில்லை என்று எக்செல் சொல்லும், காரணம் சொல்லாது. எனக்கு இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அப்ளிகேஷன்.காலர் உள்ள மேக்ரோவை எடிட்டரில் எஃப்5 அழுத்திச் சோதிக்கவும் கூடாது. அப்போது தட்டியது எந்த ஷேப்பும் இல்லை என்பதால் பெயருக்குப் பதில் பிழை மதிப்பு வரும், 'டைப் மிஸ்மேட்ச்' என்று எரர் 13 காட்டும். கோடில் தவறு இல்லை. ஷேப்பைத் தட்டித்தான் சோதிக்க வேண்டும்.

ஷேப்பின் நடுவில் தட்டினால் ஓடவில்லை, ஓரத்தில் தட்டினால் மட்டும் ஓடுகிறது என்றால், அதற்கு 'நோ ஃபில்' கொடுத்திருப்பீர்கள். நிறமில்லாத உட்பகுதி கிளிக்கை வாங்காது. படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத பட்டன் வேண்டுமென்றால் சாலிட் ஃபில் கொடுத்து, ட்ரான்ஸ்பரன்ஸியை 100 சதவீதமாக்குங்கள். அதேபோல் ஷேப்பின்மேல் தனியாக ஒரு டெக்ஸ்ட்பாக்ஸை வைத்து எழுத்துப் போட்டால் கிளிக் டெக்ஸ்ட்பாக்ஸுக்குத்தான் போகும். எழுத்தை ஷேப்புக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

ஏப்ரல் மாதம் புது ஆண்டுக்கு ஃபைல் மாற்றுவோர் இதைக் கவனமாகப் படியுங்கள். ஷீட்டை மட்டும் 'மூவ் ஆர் காப்பி' மூலம் புது ஃபைலுக்குக் கொண்டுபோனால், ஷேப்கள் கூடவே வரும், ஆனால் அவற்றின் இணைப்பு பழைய ஃபைலின் மேக்ரோவோடுதான் இருக்கும். தட்டினால் எக்செல் பழைய ஃபைலைத் தானாகத் திறந்து அதிலிருந்து மேக்ரோவை ஓட்டும். மேக்ரோவில் 'திஸ்வொர்க்புக்' (மேக்ரோ இருக்கும் ஃபைல்) என்று எழுதியிருந்தால் பதிவும் பழைய ஃபைலிலேயே விழும். புது ஃபைலில் ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும். அசைன் மேக்ரோ பெட்டியைத் திறந்து பாருங்கள், பெயருக்கு முன்னால் பழைய ஃபைல் பெயரும் ஆச்சரியக்குறியும் இருந்தால் அதுதான் காரணம். முழு ஃபைலையும் சேவ் அஸ் செய்து, தரவை மட்டும் அழித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. சேவ் செய்யும்போது எக்ஸ்எல்எஸ்எம் வகையில்தான் சேமிக்க வேண்டும். எக்ஸ்எல்எஸ்எக்ஸில் சேமித்தால் எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டும், அதைப் படிக்காமல் 'யெஸ்' அழுத்தினால் ஷேப்கள் மிஞ்சும், மேக்ரோக்கள் போய்விடும்.

ஆடிட்டருக்கு மெயிலில் அனுப்பிய ஃபைல் அவர் கணினியில் சிவப்புப் பட்டையோடு திறந்து, பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை. 2022 முதல், இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோவை ஆஃபீஸ் தானாகவே தடுக்கிறது. பழைய மஞ்சள் பட்டையில் இருந்த 'எனேபிள்' பட்டன் இதில் இருக்காது. ஃபைலை மூடிவிட்டு, ஃபோல்டரில் அதன்மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், ஜெனரல் பக்கத்தின் அடியில் 'அன்பிளாக்' என்பதை டிக் செய்து ஓகே கொடுத்தால் திறக்கும். அனுப்பியவரை உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இந்தத் தடை வந்ததே மேக்ரோ வழியாக வைரஸ் அனுப்பியவர்களால்தான். செல்போன் எக்செல்லிலும் பிரவுசரில் திறக்கும் எக்செல்லிலும் விபிஏ ஓடாது, வசூலுக்குப் போகும் பையனிடம் போனில் ஷீட்டைக் கொடுத்தால் ஷேப் வெறும் படம்தான். ஷேப்புக்குப் பதில் ஆக்டிவ்எக்ஸ் என்ற இன்னொரு வகைப் பட்டன் வைக்கச் சிலர் சொல்வார்கள், நான் வேண்டாம் என்பேன். அது மேக் கணினியில் வேலை செய்யாது, ஆஃபீஸ் 2024-லிருந்து அதைத் தொடக்கத்திலேயே முடக்கியும் வைத்திருக்கிறார்கள்.

ஷேப்பை யாரும் நகர்த்தாமல் இருக்க ஷீட்டை ப்ரொடெக்ட் செய்யுங்கள், 'எடிட் ஆப்ஜெக்ட்ஸ்' டிக் இல்லாமல் இருக்கட்டும். தட்டினால் மேக்ரோ அப்போதும் ஓடும். ஆனால் பூட்டிய செல்லில் மேக்ரோ எழுதப் போனால் எரர் 1004 வரும். அதற்கு ப்ரொடெக்ட் செய்யும் வரியில் 'யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லி' (பூட்டு ஆளுக்கு மட்டும், மேக்ரோவுக்கு இல்லை) என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். இந்த அமைப்பு ஃபைலை மூடினால் போய்விடும், ஆகவே அந்த வரியை 'வொர்க்புக்_ஓபன்' உள்ளே வையுங்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தானாக அமையும்.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் பாதித்தது அன்டூ இல்லாமல் போனதுதான். மேக்ரோ செல்லில் எழுதிவிட்டால் எக்செல் அதற்கு முந்தைய அன்டூ பட்டியலையும் சேர்த்து அழித்துவிடும். கன்ட்ரோல் இசட் அழுத்தினால் எதுவும் நடக்காது. தவறாகத் தட்டிவிட்டோம் என்று அந்த நொடியிலேயே தெரிந்தாலும் திரும்ப வழியில்லை. அதற்காக இப்போது 'பதிவேடு' என்று தனி ஷீட் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை பதிவு செய்யும்போதும் மேக்ரோ அங்கே ஒரு வரி எழுதும்: நேரம், பில் எண், செல்லில் முன்பு இருந்தது, இப்போது எழுதியது. மேலே உள்ள மூன்றாவது பட்டன் 'கடைசிப் பதிவை நீக்கு'. அது பதிவேட்டின் கடைசி வரியைப் படித்து, பில் எண்ணைத் தேடி, பழைய மதிப்பைத் திரும்பப் போட்டு, பதிவேட்டில் 'நீக்கப்பட்டது' என்று குறிக்கும், வரியை அழிக்காது. சாம்பல் நிறம் கொடுத்து, மற்ற இரண்டிலிருந்து நான்கு காலம் தள்ளி வைத்திருக்கிறேன், கை தவறி அதில் படக்கூடாது என்பதற்காக. இரவு கடை அடைக்கும் முன் அன்றைய ரசீதுப் புத்தகத்தின் கூட்டுத்தொகையை, பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நீக்கப்படாமல் இருக்கும் பில்களின் தொகையோடு கடை முதலாளி அண்ணாச்சியே ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறார். ஐந்து நிமிடம் ஆகிறது.